நிழலைக் கண்டு பெயர் சொல்லும் எந்திரம்!

பூனையை "யானை" என்றது கம்ப்யூட்டர். குழந்தைக்குத் தெரிந்தது அதற்குத் தெரியாமல் போனது ஏன்?

1939-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6-ந் தேதி. இரண்டாவது உலகப்போரில் இங்கிலாந்து இறங்கி மூன்றே நாட்கள் ஆகியிருந்தன.

காலை நேரம். "எதிரி விமானங்கள் வருகின்றன!" என்று தகவல் பறந்தது. உடனே இங்கிலாந்தின் போர் விமானங்கள் சீறிக் கிளம்பின. முதலில் "ஹரிக்கேன்" என்ற ரக விமானங்கள் போயின. பிறகு வேறொரு தளத்தில் இருந்து "ஸ்பிட்பயர்" விமானங்கள் போயின.

வானத்தில் தொலைவில் இரண்டு விமானங்கள் தெரிந்தன. "இவை ஜெர்மன் விமானங்கள்தான்" என்று நினைத்தார்கள், ஸ்பிட்பயர் விமானிகள். சுட்டார்கள். இரண்டும் விழுந்தன. ஒரு விமானி உயிர் தப்பினார். மாண்டேகு ஹல்டன்-ஹாரப் என்ற விமானி இறந்து போனார்.

பிறகுதான் உண்மை தெரிந்தது. விழுந்தவை எதிரி விமானங்கள் அல்ல. இங்கிலாந்தின் ஹரிக்கேன் விமானங்கள்! அன்று காலை ஜெர்மன் விமானம் ஒன்றுகூட அந்தப் பக்கம் வரவில்லை. சொந்த நாட்டு வீரனைச் சொந்த நாட்டு வீரர்களே சுட்டு வீழ்த்திவிட்டார்கள்.

இந்த விபரீதத்துக்குத் தகவல் குழப்பம் உள்படப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, கண் செய்த பிழை.

தூரத்தில் பறக்கும் விமானத்தின் நிறம் தெரியாது. அதில் எழுதிய எழுத்து தெரியாது. தெரிவது ஒன்றே ஒன்றுதான். அதன் வடிவம்! கறுப்பு நிழல் போன்ற வெளி உருவம்! அதை வைத்துத்தான் நண்பனா, எதிரியா என்று சொல்ல வேண்டும்.

போர்க் காலத்தில் இதற்காகவே பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொரு விமானத்தையும் கறுப்பு நிழல் உருவமாக அச்சடித்துக் கொடுத்தார்கள். சீட்டுக்கட்டில்கூட அந்த உருவங்களை அச்சிட்டார்கள். விளையாடிக்கொண்டே மனப்பாடம் செய்யலாம் அல்லவா?

மனிதனுக்கே பயிற்சி தேவைப்பட்ட இந்த வேலையை எந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா? வெளிக்கோட்டை மட்டும் பார்த்து, "இது இன்ன பொருள்" என்று கம்ப்யூட்டர் சொல்லுமா?

விஞ்ஞானிகள் 60 ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்விக்குப் பின்னால் அலைகிறார்கள். அந்தக் கதைதான் இது.

38 புள்ளியில் ஒரு பூனை

விளக்கு வெளிச்சத்தில் கையை மடக்கிச் சுவரில் நாய், மான், கொக்கு என்று நிழல் காட்டி விளையாடாத வீடு உண்டா? நிழலுக்குக் கண் இல்லை. மூக்கு இல்லை. ரோமம் இல்லை. இருந்தாலும் குழந்தை "நாய்! நாய்!" என்று கைதட்டுகிறது.

ஓரத்தில்தான் சேதி இருக்கிறது. அதிலும் ஓரம் எங்கே வளைகிறதோ, அங்கேதான் முக்கியமான சேதி இருக்கிறது. இதை 1954-ம் ஆண்டில் பிரெட் அட்னீவ் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் வேடிக்கையாக விளக்கிக் காட்டினார்.

தூங்கும் பூனை ஒன்றின் படத்தை அவர் எடுத்துக்கொண்டார். கோடு எங்கெங்கே அதிகமாக வளைகிறதோ, அங்கெல்லாம் ஒரு புள்ளி வைத்தார். மொத்தம் 38 புள்ளிகள். பிறகு அந்தப் புள்ளிகளை நேர்க்கோடுகளால் இணைத்தார். வளைவு என்பதே அந்தப் படத்தில் இல்லை. எல்லாம் நேர்க்கோடு! ஆனாலும் பார்த்தவர்களுக்குப் பூனை தூங்குவது தெரிந்தது.

இந்தக் கதையில் பூனை அடிக்கடி குறுக்கே வரும். சகுனம் பார்க்காமல் மேலே படியுங்கள்!

படமே பார்க்காத குழந்தை

"படத்தில் கோடு கோடாக இருப்பதைப் பொருள் என்று புரிந்துகொள்வது, பெரியவர்கள் சொல்லிக் கொடுத்து வரும் பழக்கமா? அல்லது பிறவியிலேயே உள்ள திறமையா?"

இதைக் கண்டுபிடிக்க விரும்பினார்கள் ஜூலியன் ஹாக்பெர்க், வர்ஜீனியா புரூக்ஸ் என்ற இருவர். ஒரு குழந்தையை ஏறக்குறைய 19 மாதம்வரை படங்களின் பக்கமே விடாமல் வளர்த்தார்கள். எந்தப் படத்தையும் காட்டி, "இது இன்னது" என்று சொல்லித் தரவில்லை. உண்மையான பொருள்களையும் பொம்மைகளையும் காட்டித்தான் பேச்சுச் சொல்லிக் கொடுத்தார்கள்.

பிறகு ஷூ, கார், பொம்மை போன்ற சாமான்களைக் கோட்டுப் படமாக வரைந்து காட்டினார்கள். குழந்தை தயங்கவில்லை. பெயரைச் சொல்லிவிட்டது! இந்தச் சோதனையின் முடிவு 1962-ம் ஆண்டில் வெளியானது.

ஆக, கோட்டைக் கண்டு பொருளை அறிவது பள்ளிக்கூடத்துப் பாடம் அல்ல. கண்ணும் மூளையும் சேர்ந்து தாமாகவே செய்யும் காரியம். எப்படிச் செய்கின்றன?

கண்ணாடித் துண்டு சொன்ன ரகசியம்

இதற்கு விடையின் முதல் துண்டு தற்செயலாகக் கிடைத்தது.

1958-ம் ஆண்டு. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனையின் மூளையை ஆராய்ந்துகொண்டு இருந்தார்கள். மூளையில் உள்ள ஒரு நுண்ணிய அணு வேலை செய்தால் ஒலிபெருக்கியில் சத்தம் கேட்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள்.

கண்ணாடித் துண்டில் கறுப்புப் புள்ளி வைத்து, அதன் உருவத்தைப் பூனையின் கண் முன்னால் காட்டினார்கள். சத்தம் இல்லை. வேறு புள்ளி காட்டினார்கள். ஊகூம்! மணிக்கணக்கில் காட்டியும் பயன் இல்லை.

திடீர் என்று படபடவென்று பட்டாசு வெடிப்பதுபோல ஒலிபெருக்கி முழங்கியது! விஞ்ஞானிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் புள்ளி இந்த வேலையைச் செய்தது?

எந்தப் புள்ளியும் அல்ல. கண்ணாடித் துண்டைக் கருவிக்குள் செருகும்போது, அதன் ஓரம் மெல்லிய கோடாக நிழல் விழுந்து நகர்ந்தது. அந்தக் கோட்டைக் கண்டுதான் மூளை அணு துள்ளியது!

மேலும் ஆராய்ந்தபோது ஆச்சரியம் வளர்ந்தது. ஓர் அணு, நிமிர்ந்த கோட்டைக் கண்டால் துள்ளும். படுத்த கோட்டைக் கண்டால் சும்மா இருக்கும். இன்னோர் அணுவுக்குச் சாய்ந்த கோடுதான் பிடிக்கும். மூளை முதலில் ஓரங்களையும் கோடுகளையும் பொறுக்கி எடுக்கிறது. பிறகுதான் உருவம் சேர்கிறது.

இந்த வழியில் செய்த ஆராய்ச்சிக்காக இருவருக்கும் 1981-ம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

கம்ப்யூட்டர் பார்த்த முதல் முகம்

இதே காலத்தில் வாஷிங்டன் நகரத்தில் இன்னொரு வேலை நடந்தது.

ரசல் கிர்ஷ் என்பவர் அமெரிக்க அரசாங்கத்தின் அளவைக் கழகத்தில் என்ஜினீயராக இருந்தார். "கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. படம் பார்த்தால் என்ன?" என்று அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. 1957-ம் ஆண்டில் தன் மூன்று மாதக் கைக்குழந்தையின் போட்டோவை எடுத்துக்கொண்டு போனார். சுழலும் உருளையில் அதைச் சுற்றி, ஒளிக்கருவியால் இம்மி இம்மியாகத் தடவிப் பார்க்கச் செய்தார்.

படம் 176 வரிசையாகப் பிரிந்தது. ஒவ்வொரு வரிசையிலும் 176 புள்ளிகள். மொத்தம் 30 ஆயிரத்து 976 புள்ளிகள். கம்ப்யூட்டர் முதன்முதலாகக் கண்ட படம் அந்தக் குழந்தையின் முகம்தான்!

ஆனால் "கண்டது" என்று சொல்வது பெயருக்குத்தான். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது குழந்தை அல்ல, எண்கள்! அதற்குப் படம் என்றால் எண்கள் எழுதிய கட்டங்கள். வெறும் கறுப்புக்கு 0. முழு வெளுப்புக்கு 255. இடைப்பட்ட சாம்பல் நிறங்களுக்கு இடைப்பட்ட எண்கள். இன்றைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இதுதான் வழக்கம்.

இந்த எண் கூட்டத்தில் ஓரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மிகவும் சுலபம். ஒவ்வோர் எண்ணையும் அதன் அடுத்த வீட்டு எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒரு வரிசையில் 10, 12, 11, 200, 203 என்று எண்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 10, 12, 11 ஆகியவை ஒரே குடும்பம். 200, 203 வேறு குடும்பம். 11-க்கும் 200-க்கும் நடுவே பெரிய பள்ளம் தெரிகிறது அல்லவா? அதுதான் ஓரம்! இப்படிப் படம் முழுவதும் பள்ளங்களைத் தேடிப் புள்ளி வைத்தால், வெளிக்கோடு கிடைத்துவிடும்.

1963-ம் ஆண்டில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் லாரன்ஸ் ராபர்ட்ஸ் இந்த வழியில் ஒரு பெரிய அடி எடுத்து வைத்தார். மரக்கட்டைகளைப் போட்டோ எடுத்து, கோடுகளைப் பிரித்து, "இது இன்ன வடிவமுள்ள கட்டை" என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும்படி செய்தார்.

ஒரு விடுமுறையில் முடிக்க நினைத்த வேலை!

இந்த வெற்றிகளைக் கண்டதும் விஞ்ஞானிகளுக்குத் தைரியம் வந்துவிட்டது. 1966-ம் ஆண்டில் அதே கழகத்தில் ஒரு திட்டம் போட்டார்கள். படத்தில் எது பொருள், எது பின்னணி என்று பிரித்து, பொருளுக்குப் பெயரும் சொல்லும் கம்ப்யூட்டர் கண்ணை உருவாக்கவேண்டும். அதில் ஒரு பெரும் பகுதியைக் கோடை விடுமுறையில் மாணவர்களைக் கொண்டு கட்டிவிடலாம் என்பது எண்ணம்.

கோடை போயிற்று. எத்தனையோ கோடைகள் போய்விட்டன. வேலை மட்டும் முடியவில்லை!

காரணம் என்ன? வெளிக்கோட்டை எடுப்பது பாதி வேலைகூட அல்ல. எடுத்த கோட்டை மற்றொரு கோட்டோடு ஒப்பிட வேண்டும். பொருள் பக்கத்தில் இருந்தால் படம் பெரிதாக இருக்கும். தூரத்தில் இருந்தால் சிறிதாகிவிடும். திரும்பி இருக்கும், சாய்ந்து இருக்கும். இத்தனை வேஷத்திலும் "இவன் அவனே" என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்காக விஞ்ஞானிகள் செய்த தந்திரங்கள் ஒன்றை ஒன்று மிஞ்சுகின்றன. மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதல் தந்திரம்: எட்டுத் திசைக் கணக்கு

நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் பிரீமன் 1961-ம் ஆண்டில் சொன்ன வழி இது. கட்டம் போட்ட நோட்டு இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம்.

எட்டுத் திசைகளுக்கும் எண் கொடுங்கள். வலது பக்கம் 0. வலது மேல் மூலை 1. நேர் மேலே 2. இடது மேல் மூலை 3. இடது பக்கம் 4. இடது கீழ் மூலை 5. நேர் கீழே 6. வலது கீழ் மூலை 7.

இப்போது ஓர் எறும்பு சதுரத்தின் ஓரத்தில் நடக்கிறது. இடது கீழ் மூலையில் புறப்படுகிறது. வலது பக்கம் மூன்று அடி, மேலே மூன்று அடி, இடது பக்கம் மூன்று அடி, கீழே மூன்று அடி. புறப்பட்ட இடம் வந்துவிட்டது. அதன் பயணத்தை எழுதினால் 000222444666. சதுரம் முழுவதும் 12 எண்ணில் அடங்கிவிட்டது!

சதுரத்தைச் சாய்த்து, மூலையில் நிறுத்தினால்? எறும்பின் பயணம் 111333555777 என்று மாறிவிடும். எண்கள் வேறு. ஆனால் திருப்பங்களைக் கவனியுங்கள். முதலில் 0-வில் இருந்து 2. இப்போது 1-ல் இருந்து 3. இரண்டிலும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் வித்தியாசம் 2. திசையைப் பார்க்காதே, திருப்பத்தைப் பார் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டால் போதும். பொருள் இப்படிச் சாய்ந்து கிடந்தாலும் கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவது தந்திரம்: புல்வெளியில் தீ!

ஹாரி புளம் என்பவர் 1967-ம் ஆண்டில் சொன்ன வழி இன்னும் விசித்திரமானது.

பொருளின் உருவத்தைக் காய்ந்த புல்வெளியாக நினைத்துக்கொள்ளுங்கள். வரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் தீ வைத்தால் என்ன ஆகும்? நான்கு புறமும் தீ சம வேகத்தில் உள்ளே நகரும். எதிர் எதிரே வரும் தீ ஓரிடத்தில் சந்தித்து அணைந்துபோகும். அப்படி அணைந்த இடங்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், பொருளின் எலும்புக்கூடு கிடைக்கும்!

வட்டத்தில் தீ வைத்தால் நட்ட நடுவில் ஒரே ஒரு புள்ளியில் அணையும். நீண்ட செவ்வகத்தில் வைத்தால் நடுவே ஒரு கோடும், நான்கு மூலைக்கு நான்கு கிளையும் மிஞ்சும். மனிதக் கையின் நிழலில் வைத்தால் ஐந்து விரலுக்கும் ஐந்து கிளைகள். தடித்த உருவத்தைவிட இந்த எலும்புக்கூட்டை ஒப்பிடுவது எளிது.

இதிலும் ஒரு தொல்லை உண்டு. வரப்பில் ஒரு சிறு பள்ளம் விழுந்தால் போதும். எலும்புக்கூட்டில் தேவை இல்லாத கிளை முளைத்துவிடும்.

மூன்றாவது தந்திரம்: அட்டையைத் தராசில் நிறுத்து

அட்டையில் விமானம் வரைந்து வெட்டுங்கள். அதை ஒரு விரல் நுனியில் நிறுத்துங்கள். எந்த இடத்தில் கவிழாமல் நிற்கிறதோ, அது அதன் நடு இடம். அந்த நடு இடத்தில் இருந்து அட்டை எந்தப் பக்கம் எவ்வளவு பரவி இருக்கிறது என்று கணக்கிடலாம். இறக்கை நீண்ட விமானத்துக்கு ஒரு கணக்கு. குட்டை இறக்கைக்கு வேறு கணக்கு.

இந்த வழியில், எந்த உருவத்துக்கும் 7 எண்களைக் கணக்கிடும் முறையை 1962-ம் ஆண்டில் வகுத்தார் மிங்-குவீ ஹு. உருவத்தை நகர்த்தினாலும், திருப்பினாலும், பெரிதாக்கினாலும் அந்த எண்களின் அளவு மாறுவதில்லை. அதுதான் அதன் மகிமை.

1939-ம் ஆண்டு விபத்து நினைவு இருக்கிறது அல்லவா? அந்தக் கேள்விக்கே இந்த முறையைப் பிரயோகித்தார்கள். அமெரிக்காவில் சாஹிப்சிங் துதானியும் அவருடைய சகாக்களும் 1977-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி அது. ஆறு ரக விமானங்கள். பல கோணங்களில் எடுத்த 132 படங்கள். "எது எந்த ரகம்?" என்று கம்ப்யூட்டரைக் கேட்டார்கள். மனிதர்களையும் கேட்டார்கள். மனிதர்களைவிடக் கம்ப்யூட்டர் குறைவாகவே தவறு செய்தது!

மதுராவில் பிறந்த நிபுணர்

வெட்டி எடுத்த நிழல் உருவம் கிடைத்தால் இவை எல்லாம் சரி. ஆனால் உலகத்தில் பொருள்கள் அப்படியா இருக்கின்றன? ஒன்று மற்றொன்றை மறைக்கிறது. கோடு பாதியில் அறுந்துபோகிறது. ஒருவர் எழுதும் எழுத்து மாதிரி இன்னொருவர் எழுதுவதில்லை.

இந்தச் சிக்கலுக்கு 2002-ம் ஆண்டில் ஒரு நல்ல வழி சொன்னார்கள், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த செர்ஜ் பெலாங்கி, ஜிதேந்திர மாலிக், ஜான் பூசிக்கா ஆகியோர். இவர்களில் ஜிதேந்திர மாலிக் நம் நாட்டவர். மதுராவில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்கா போய்ப் பேராசிரியர் ஆனவர்.

அவர்கள் சொன்ன வழி இதுதான்: நீங்கள் தெருக்கோடியில் நிற்கிறீர்கள். "கோவில் கிழக்கே தூரத்தில். குளம் வடக்கே பக்கத்தில். பள்ளிக்கூடம் மேற்கே" என்று குறித்துக்கொள்கிறீர்கள். அந்தக் குறிப்பைப் பார்த்தால் போதும், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஊரார் சொல்லிவிடுவார்கள்.

அதுபோல வெளிக்கோட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளியும், "மற்ற புள்ளிகள் எனக்கு எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன?" என்று ஒரு குறிப்பு எழுதுகிறது. ஒரு மீனின் வால் நுனி எழுதும் குறிப்பும், இன்னொரு மீனின் வால் நுனி எழுதும் குறிப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இப்படிப் புள்ளிக்குப் புள்ளி ஜோடி சேர்த்தால் உருவம் பிடிபட்டுவிடும்.

இணைய தளங்களில், "நீங்கள் மனிதர்தானா?" என்று சோதிக்கக் கோணல் மாணலாக எழுத்துகளைக் காட்டுவார்கள். எந்திரத்தால் அதைப் படிக்க முடியாது என்பது அப்போதைய நம்பிக்கை. 2003-ம் ஆண்டில் கிரெக் மோரி என்பவரும் மாலிக்கும் இந்த முறையைக் கொண்டு அத்தகைய சோதனை ஒன்றில் 100-க்கு 92 தடவை சரியாகப் படிக்கும் புரோகிராம் செய்து காட்டினார்கள். பூட்டு உடைந்தது!

இலையைக் காட்டினால் மரத்தின் பெயர்

இந்த ஆராய்ச்சி சாதாரண ஜனங்களின் கைக்கும் வந்தது. 2011-ம் ஆண்டில் அமெரிக்காவில் "லீப்ஸ்னாப்" என்று ஒரு செல்போன் செயலி வெளியானது. கொலம்பியா பல்கலைக்கழகம், மேரிலாந்து பல்கலைக்கழகம், ஸ்மித்சோனியன் நிலையம் ஆகிய மூன்றும் சேர்ந்து செய்தது அது.

வழியில் ஒரு மரத்தைப் பார்த்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியவில்லை. ஓர் இலையைப் பறித்து வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்துப் படம் எடுத்தால் போதுமாக இருந்தது. செயலி அந்த இலையின் ஓரத்தைச் சுற்றிவந்து, எங்கே எவ்வளவு வளைகிறது என்று கணக்கெடுத்தது. ஒத்துப்போகும் மரங்களின் பெயர்களை வரிசையாகக் காட்டியது. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் உள்ள 185 மர வகைகளைக் கொண்டு இதற்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

வெள்ளைக் காகிதம் எதற்கு? இலையின் ஓரம் பளிச்சென்று தெரிவதற்குத்தான். புல்தரையில் வைத்து எடுத்தால் பச்சையோடு பச்சை கலந்து, ஓரம் காணாமல் போய்விடும்.

பூனை உடம்பில் யானைத் தோல்

2012-ம் ஆண்டில் பெரிய மாறுதல் வந்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், மூளை அணுக்களின் அமைப்பைப் பார்த்துச் செய்த ஒரு முறையைப் போட்டிக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு யாரும் திசைக் கணக்கோ, தீக் கணக்கோ சொல்லித் தரவில்லை. 12 லட்சம் படங்களைக் காட்டி, "நீயே கற்றுக்கொள்" என்று விட்டுவிட்டார்கள்.

போட்டியில் 1,000 வகைப் பொருள்கள். ஒரு படத்துக்கு ஐந்து பெயர் சொல்லலாம். அதில் ஒன்று சரியாக இருந்தால் போதும். இரண்டாவது இடம் பெற்றவர்கள் 100-க்கு 26 படங்களில் தோற்றார்கள். டொராண்டோ எந்திரம் 15 படங்களில்தான் தோற்றது. அன்று முதல் உலகம் முழுவதும் இந்த வழியைப் பிடித்துக்கொண்டது.

"எந்திரமும் நம்மைப்போல வடிவத்தைப் பார்த்துத்தான் கற்றிருக்கும்" என்று பலர் நினைத்தார்கள். ஜெர்மனியில் டியூபிங்கன் நகர விஞ்ஞானிகளுக்குச் சந்தேகம் வந்தது. அவர்கள் ஒரு குறும்பு செய்தார்கள்.

ஒரு பூனைப் படத்தை எடுத்தார்கள். காது, கால், வால் எல்லாம் பூனைதான். ஆனால் அதன் உடம்பில் ரோமத்துக்குப் பதிலாக யானையின் சுருங்கிய தோலைக் கம்ப்யூட்டர் மூலம் ஒட்டிவிட்டார்கள். இப்படிப் பல படங்கள் செய்து மனிதர்களிடமும் எந்திரங்களிடமும் காட்டினார்கள்.

மனிதர்கள், "இது பூனை" என்றார்கள்.

எந்திரம், "இது யானை" என்றது. அதுவும் இந்திய யானையாம்!

2019-ம் ஆண்டில் வெளியான இந்த ஆராய்ச்சியில், வடிவமா தோலா என்ற சோதனையில் மனிதர்கள் 100-க்கு 95 தடவைக்கு மேல் வடிவத்தின் பக்கமே நின்றார்கள். பிரபலமான ஓர் எந்திர முறை வடிவத்தின் பக்கம் நின்றது 22 தடவைதான். மற்ற தடவை எல்லாம் தோலைப் பார்த்து ஏமாந்தது.

அமெரிக்காவில் இன்னொரு குழுவினரும் 2018-ல் இதே மாதிரி கண்டார்கள். தேநீர்க் கெண்டி ஒன்றுக்குக் கோல்ப் பந்தின் மேற்பரப்பைப் போர்த்திக் காட்டினார்கள். மூக்கும் கைப்பிடியும் கண்ணுக்கு நேரே இருந்தும், "கோல்ப் பந்து" என்றது எந்திரம்.

"டாக்ஸ்" எங்கே?

இப்போது குழந்தைகளைப் பாருங்கள். 1988-ம் ஆண்டில் மூன்று பெண் விஞ்ஞானிகள் ஒரு சோதனை நடத்தினார்கள். பார்பரா லாண்டாவ், லிண்டா ஸ்மித், சூசன் ஜோன்ஸ் என்பவர்கள் அவர்கள். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளிடம் மரத்தால் ஆன ஒரு சிறு பொருளைக் காட்டி, "இது டாக்ஸ்" என்றார்கள். அப்படி ஒரு பெயர் உலகத்தில் கிடையாது. சும்மா வைத்த பெயர்.

பிறகு, "இன்னொரு டாக்ஸ் எங்கே?" என்று கேட்டார்கள். அளவு வேறாக இருந்தாலும் சரி, வேறு பொருளால் செய்ததாக இருந்தாலும் சரி, அதே வடிவம் உள்ளதையே குழந்தைகள் பெரும்பாலும் காட்டின.

மழலை மாறாத குழந்தைக்கு வடிவம்தான் முதல் சாட்சி. லட்சக்கணக்கில் படம் பார்த்த எந்திரத்துக்கோ தோல்தான் முதல் சாட்சி!

இது வெறும் வேடிக்கை அல்ல

"பூனையை யானை என்றால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம்.

நஷ்டம் உண்டு. கம்ப்யூட்டர் கண்களை நம்பி இன்று சாலையில் கார் ஓடுகிறது. தொழிற்சாலையில் எந்திரக் கை வேலை செய்கிறது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் பார்ப்பதற்கும் உதவி கேட்கிறார்கள். மூடுபனியில் தோலும் நிறமும் மங்கிப் போகும். மிஞ்சுவது வடிவம்தான். சாலையைக் கடப்பவர் எந்த உடை உடுத்தியிருந்தாலும் மனிதர் மனிதர்தான். உடையைப் பார்த்து ஏமாறும் கண்ணை நம்பி உயிரை ஒப்படைக்க முடியுமா?

பரிகாரமும் உண்டு. டியூபிங்கன் விஞ்ஞானிகளே அதையும் செய்து காட்டினார்கள். பயிற்சிப் படங்களை எல்லாம் ஓவியம்போல மாற்றினார்கள். ஒரே நாய், ஒரு படத்தில் ஒரு மாதிரி வர்ணத் தீற்றல். அடுத்த படத்தில் வேறு மாதிரி. "தோலை நம்பினால் பிழைக்க முடியாது" என்ற நிலை எந்திரத்துக்கு வந்தது. வேறு வழி இல்லாமல் வடிவத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டது. 22 தடவை வடிவத்தின் பக்கம் நின்ற எந்திரம், 81 தடவை நின்றது. அதோடு, படத்தில் புள்ளியும் கலக்கமும் விழுந்தால் தடுமாறும் குணமும் பல வகைகளில் குறைந்தது.

எந்திரம் எதைக் கற்கும் என்பது, நாம் எதைக் காட்டி வளர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. பிள்ளை வளர்ப்பும் அப்படித்தானே!

நீங்களும் செய்து பாருங்கள்

கறுப்புத் தாள், கத்தரிக்கோல் இரண்டும் இருந்தால் போதும். வீட்டில் உள்ள சாமான்களைப் பக்கவாட்டில் வைத்து, வெளிக்கோடு வரைந்து வெட்டுங்கள். சாவி, கரண்டி, கூஜா, குடை. உள்ளே ஒன்றும் வரையக் கூடாது. வீட்டுக் குழந்தையிடம் காட்டுங்கள். சட்டென்று பெயர் வரும்.

பிறகு, டம்ளரை மேலே இருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி வெட்டுங்கள். ஒரு வட்டம் வரும். அதைக் காட்டிக் கேளுங்கள். குழந்தை "தட்டு" என்னும். "காசு" என்னும். "நிலா" என்னும். எல்லாம் சரிதான்! எந்தப் பக்கத்தில் இருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து வடிவமும் ஏமாற்றும். விமானங்களைத் துதானியின் குழு பல கோணங்களில் படம் எடுத்துச் சோதித்தது இதனால்தான்.

"தட்டா, காசா, நிலாவா?" என்று குழந்தை யோசிக்கும் அந்த இரண்டு விநாடியைக் கவனியுங்கள். ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடலாம் என்று விஞ்ஞானிகள் நினைத்த வேலை, அந்த இரண்டு விநாடிக்குள் நடந்துகொண்டு இருக்கிறது.